குழாயை மூடியவன்

வகுப்பில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். இரவெல்லாம் ஒரு கிடங்கில் காவல். காலையில் சீருடையைக் கழற்றிவிட்டுக் குற்றவியல் வகுப்பு. ஏற்கெனவே ஒருமுறை படிப்பைப் பாதியில் விட்டு ஓடியவன். இந்தச் செய்முறைத் தேர்வு ஊற்றிக்கொண்டால் இரண்டாம் முறையும் வெளியேதான்.

துறையின் பின்னறையில் ஒரு கொலை நடந்ததுபோல ஜோடித்து வைத்திருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலி, தரையில் சிவப்புச் சாயம், சொட்டிக்கொண்டிருந்த குழாய். ஆந்தை உள்ளே போன வேகத்தில் குழாயை இறுக்கி மூடினான். ஆறு வருடமாகக் கிடங்கைச் சுற்றிவந்த கை அது. சொட்டும் குழாயைக் கண்டால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காது.

"அடப்பாவி!" தேர்வுக்கு அவனோடு ஜோடியாக வந்த சோடாபுட்டி தலையில் கைவைத்தாள். "கைரேகையே அதுலதான்டா இருந்திருக்கும்!"

அவளே கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மேடம் வெளியதான் நிக்கிறாங்க. யாரும் பாக்கல. மூடியே இருந்துச்சுன்னு எழுது."

பேனாவை எடுத்தான். கிடங்கில் பகல் ஷிப்ட் காவல் பார்க்கும் அக்கா நினைவுக்கு வந்தாள். முன்பொரு நாள் வேலையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு, எல்லாம் சரி என்று பதிவேட்டில் எழுதி அவளிடம் நீட்டினான். அவள் கையெழுத்துப் போடவில்லை.

"தூங்கினதையும் எழுதுடா. அந்த இருபது நிமிஷத்துல எவனாவது பூந்திருந்தா நான் எங்க போய்த் தேடுறது?"

எழுதினான். மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்போதும் எழுதினான்: "10.12. சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடியது நான்."

"என்னையும் சேத்து முழுகடிச்சிட்ட," என்றாள் சோடாபுட்டி.

தேர்வு நடத்திய மேடம் உள்ளே வந்து தாளைப் படித்தார். விரலால் கூரை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கேமரா.

"ராத்திரியெல்லாம் கேமரா பாக்குறதுதானே உங்க பொழப்பு? மேல பாக்கத் தோணலையா?"

"தோணல மேடம்."

"காலைலேர்ந்து ஏழு ஜோடி வந்தாங்க. எல்லாரும் எதையாவது தொட்டாங்க. எழுதினது நீங்க மட்டும்தான்." சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "குழாய்க்கு எட்டு மார்க் போச்சு. ரெண்டு பேரும் பாஸ். கிளம்புங்க."

படியில் உட்கார்ந்து அக்காவை அழைத்தான்.

"பாஸாயிட்டேன்க்கா. உங்களாலதான்."

"நான் எங்கடா பரீட்சை எழுதினேன்?"

"அந்த இருபது நிமிஷம்..."

"அதுக்குத்தான் ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே!"

"தப்புதான்க்கா. நல்லா இருங்க."

மறுமுனையில் அவள் ஒரு லாரியை உள்ளே அனுப்பும் சத்தம் கேட்டது.

"சரி, போய்த் தூங்கு," என்றாள். "இப்பத் தூங்கினா எழுத வேண்டாம்."