பச்சை வண்டி நின்ற இடம்

மெத்தைக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் ஒரு தனித் திறமை இருந்தது. "வண்டி கிளம்பிடுச்சு" என்று அவர் சொல்லும்போது வண்டி கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும். டிரைவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். "உங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க" என்று சொன்னால், மெத்தைக்கு உறை தைத்து முடித்தாகிவிட்டது என்று அர்த்தம். "நாளைக்குக் காலைல முதல் வேலையே உங்களுதுதான்" என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்தவரிடமும் சொல்வார். ஊரில் பாதிப் பேர் அவருக்கு முதல் வேலைதான். இதையெல்லாம் அவர் பொய் என்று நினைத்ததே இல்லை. வாடிக்கையாளர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்தார்.

அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். விடுமுறைக்கு வந்தவன் ஒரு நாள் கடையில் உட்கார்ந்து மாமா பேசுவதைக் கேட்டான். கேட்டுக் கேட்டுச் சிரித்ததில் குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் கடைக்கென்று ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். ஆர்டர் வந்ததும் அதில் பதிவாகும். தைத்து முடிந்தால் தயார் என்று காட்டும். வண்டியில் ஏற்றியதும் வாடிக்கையாளரின் போனுக்கு ஒரு லிங்க் போகும். அதைத் தொட்டால் ஊரின் வரைபடம் விரியும். அதில் குட்டியாக ஒரு பச்சை வண்டி ஊர்ந்து வருவதை வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். வண்டி இருக்கும் இடத்தை அனுப்புவதற்கு ஒரு சின்னக் கருவியை டிரைவர் இருக்கைக்கு அடியில் பொருத்தினான்.

கடைக்காரருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "எல்லாம் அவங்களுக்கே தெரிஞ்சுட்டா எனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டார்.

ஆனால் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வாடிக்கையாளரை விட அவர்தான் அந்தப் பச்சை வண்டியை அதிகமாகப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் கடை திறந்ததும் கணினியைத் திறப்பார். பிறகு யார் வந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தாலும், இலவம்பஞ்சா தேங்காய்நாரா என்று கேட்டாலும், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் பதில் சொல்வார். டிரைவர் நிதானமான மனிதர். பெயரே அப்படித்தான், எல்லோரும் அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்நாளில் யாரையும் முந்திச் சென்றதில்லை. அவர் திரும்பி வந்ததும் விசாரணை தொடங்கும். பாலத்துக்குப் பக்கத்தில் ஏன் அவ்வளவு நேரம் நின்றது? ரயில்வே கேட் மூடியிருந்தது. சந்தைத் தெருவில் ஏன் சுற்றிக்கொண்டு போனது? இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பூங்கா வாசலில் எதற்கு நின்றது?

"அதையும் சொல்லணுமா முதலாளி?" என்று நிதானம் நிதானமாகக் கேட்டார். கடைக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையணை உறைகளுக்குப் பித்தான் தைப்பவள். அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "உன் மாமாவுக்கு ஒரு சின்னவீடு வச்சுக் குடுத்துட்டுப் போயிட்டியேடா. நாள் முழுக்க அது மூஞ்சியத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள்.

இப்படி இருக்கையில் நிதானத்துக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியதாயிற்று. ஊசி என்றால் அவருக்குக் குலை நடுங்கும். அதனால் மெத்தை ஏற்றி இறக்கும் அவருடைய மருமகனும் துணைக்குப் போக லீவு கேட்டான். அன்று ஒரே ஒரு மெத்தைதான் போக வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு, முதுகு வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த கட்டியான தேங்காய்நார் மெத்தை. ஏற்கெனவே ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது.

"ஒரு மெத்தைதானே. நானே கொண்டு போய்ப் போட்டுட்டு வரேன்" என்றார் கடைக்காரர்.

டீச்சர் வீடு மாடியில் ஆயிற்றே, தனியாக எப்படித் தூக்குவது என்று மனைவி கேட்டாள். அங்கே யாராவது இருப்பார்கள் என்றார். வழி தெரியுமா என்றாள். இத்தனை வாரமாக வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். இருக்கைக்கு அடியில் இருக்கும் கருவி தன்னையும் காட்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

மனைவிக்குத் தோன்றியது. பித்தான் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

பச்சை வண்டி நேர்சாலையில் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆஸ்பத்திரி ரவுண்டானாவுக்குப் போனதும் அதைச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது. போன் அடித்தது, தலைமையாசிரியைதான்.

"உங்க வண்டிய இன்னிக்கு யாரும்மா ஓட்டுறாங்க?"

"ஏன் டீச்சர்?"

"ரவுண்டானாவையே சுத்திக்கிட்டு இருக்காங்க. வெளிய வர வழி தெரியல போல. எனக்கே பாத்துப் பாத்துத் தலை சுத்துது."

"புது டிரைவர் டீச்சர்" என்றாள் மனைவி. கணவர் எத்தனையோ வருடமாகச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், தான் ஒரு பொய் சொன்னது அன்றைக்குத்தான். அதிலும் பாதி உண்மை இருந்தது.

ஒரு வழியாக வண்டி ரவுண்டானாவை விட்டு வெளியே வந்தது. வந்த வழி சரியில்லை. ஒரு முட்டுச் சந்துக்குள் போய் முட்டிக்கொண்டு நின்று, பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்தது. பெட்ரோல் பங்க்குக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வண்டி டீச்சர் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில், மரக்கடைகள் இருக்கும் பக்கமாகத் திரும்பியது. ஒரு குறுக்குத் தெருவில் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

மனைவி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அது கணவருடைய அண்ணன் வீட்டுத் தெரு.

கடை முதலில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்துதான் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு இவர்கள் கொடுக்க வேண்டிய கட்டிலும் மெத்தையும் குறித்த நாளில் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு இருந்த டிரைவர் வேறு யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டும் வந்துவிட்டார். விலாசத்தைச் சரியாகச் சொன்னேன் என்றார் அண்ணன். சொல்லவே இல்லை என்றார் தம்பி. கட்டில் எங்கே இருக்கிறது என்பது தெரிவதற்கு முன்னாலேயே பேச்சு கட்டிலை விட்டு வெகுதூரம் போய்விட்டது. சின்ன வயதில் யார் யாருடைய சட்டையைக் கிழித்தது என்பது வரைக்கும் போனது. மறுநாள் அண்ணன் கடைக்கு வரவில்லை. ஒரு மரக்கடையில் கூட்டுச் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு இருவரும் எதிரே வந்தால் கூட, ஏதோ மேகத்தைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இருவரின் மனைவிமாரும் அப்படி எல்லாம் மேலே பார்க்கவில்லை. ஓரகத்திகள் இருவரும் பிள்ளைகளின் படிப்பு, மூட்டுவலி, கணவன்மாரின் வீம்பு என்று எல்லாவற்றையும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

மறுபடியும் டீச்சரின் போன். "நின்னுடுச்சேம்மா. வண்டி கெட்டுப்போச்சா?"

டயர் பஞ்சர் என்று சொல்லிவிடலாம் என்றுதான் மனைவி வாயெடுத்தாள். ஆனால் கையிலிருந்த ஒரே பொய்யை ரவுண்டானாவிலேயே செலவழித்துவிட்டாள். உள்ளதைச் சொன்னாள்: ஓட்டுவது தன் கணவர்தான், நிற்பது அவருடைய அண்ணன் வீட்டு வாசலில், இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை.

 டீச்சர் சொன்னார்: "அப்ப ஒண்ணும் அவசரமில்ல. நான் தரையிலயே படுத்துக்கறேன். ஆனா என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லணும்."

மனைவி கடைப் போனில் டீச்சரை வைத்துக்கொண்டே, தன் போனில் ஓரகத்தியைக் கூப்பிட்டாள். "அக்கா, ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. வாசல்ல நம்ம வண்டி நிக்குதா?"

"நிக்குது" என்றார் ஓரகத்தி. "ஏம்மா, உள்ள உன் வீட்டுக்காரர் ஸ்டீயரிங் மேல தலைய வச்சுட்டு இருக்காரே. உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. மானத்துக்குத்தான். பெரியவர் இருக்காரா?"

இருந்தார். குளியலறைக் குழாயைச் சரி செய்கிறேன் என்று கழற்றிப் போட்டுவிட்டு, திருப்பி மாட்டத் தெரியாமல் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி போனைக் கையில் பிடித்தபடியே போய், வாசலில் மெத்தை வண்டி நிற்கிறது, தனியாக வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.  அண்ணன் எழுந்து வந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து, ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் ஸ்பேனர் இருப்பதை மறந்து அப்படியே வெளியே இறங்கினார்.

ஸ்பேனரும் கையுமாக அண்ணன் வருவதைக் கண்ணாடியில் பார்த்த தம்பிக்கு ஒரு கணம் பகீர் என்றிருந்தது. அவசரமாக இறங்கி, டயரைச் சோதிப்பது போலக் குனிந்துகொண்டார். இதெல்லாம் பிறகு அவர்கள் வாயாலேயே வந்த செய்தி. ஜன்னலிலிருந்து ஓரகத்திக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள் மட்டும்தான்.

அண்ணன் வண்டியின் பின்பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மெத்தைய தனியாவா தூக்கப் போற?"

பல வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அங்க யாராவது இருப்பாங்க" என்றார் தம்பி, டயரைப் பார்த்தபடி.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டு. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம், ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் வீடு."

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் மெத்தையைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தம்பியும் ஏறினார்.  சாவி இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. அண்ணன் அதைப் பார்க்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரவுண்டானா பக்கம் போகாதே. பின்தெரு வழியாப் போ" என்றார்.

"வண்டி நகருது" என்று ஓரகத்தியும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியும், இன்னொரு போனில் டீச்சரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சொன்னார்கள். பச்சை வண்டி பின்தெருவுக்குள் நுழைந்து, எங்கும் தடுமாறாமல் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையையே உற்றுப் பார்த்ததால் வந்த நீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கு மேல் வரைபடத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. டீச்சர்தான் சொன்னார். "மாடிப்படி வளைவுல மெத்தை மாட்டிக்கிச்சு. ஒருத்தர் நிமிர்த்துங்கறார், ஒருத்தர் சாய்ங்கறார். சண்டை போட்டுக்கறாங்க."

"சண்டையா டீச்சர்?" என்று பதறினாள் மனைவி.

"பயப்படாதம்மா. காலமெல்லாம் பள்ளிக்கூடத்துல சண்டை பார்த்தவ நான். இது ஒண்ணாப் படிக்கிற பசங்க போடற சண்டை."

கடைக்காரர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. சட்டையெல்லாம் தேங்காய்நார்த் தூசி. மனைவி தன் பழைய இடத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கணினிப் பக்கம் போகாமல் தண்ணீர் குடித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"வழியில அண்ணனைப் பார்த்தேன். தற்செயலாத்தான்."

"அப்படிங்களா" என்றாள் அவள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். அண்ணியும் வருவாங்க. எவ்வளவு வருஷமாச்சு, உனக்கு அவங்கள அடையாளம் தெரியுமோ என்னமோ."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பார்த்தா தெரிஞ்சுக்குவேங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் வாசலில் ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பவர்கள் போலக் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார்கள். சமையலறைக்குள் போனதும் உள்ளிருந்து அடக்க முடியாத சிரிப்புச் சத்தம் வந்தது. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் கடைப் பக்கம் வந்தார். புதிதாக வந்திருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார். கடைசியாக ஒன்றைப் படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று படுத்தார். படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தலையணை வாங்க ஒரு தம்பதி உள்ளே வந்து விலை கேட்டார்கள். கடைக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார். "அண்ணன் தூங்கறார்."