அம்புக்குறி குத்திய கூரை

"ஒங்கூட்டாளிய எந்தூருன்னு சொன்ன?"

தலைவாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்த சோலைமலை நிமிராமலேயே மகனைக் கேட்டார். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பிரதீப் புவியியலில் எம்.ஏ. முடித்ததற்கான விருந்து. அழைக்கப்பட்ட ஒரே ஆள், இரண்டு வருஷம் விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்த முனியசாமி.

"நம்ம ஊருதேன்ப்பா."

"எனக்குத் தெரியாம நம்ம ஊர்ல எவன்டா முனியசாமி? மேலத்தெருவா, பள்ளிக்கூடத் தெருவா?"

"காலனி."

இலை துடைத்த துணி நின்றது.

"அப்ப நம்ம ஊருன்னு ஏன்டா சொன்ன?"

அம்மா பொன்னுமணி அடுப்பை மட்டும் பார்த்தாள். சோலைமலை சற்று யோசித்து, ரொம்பத் தன்மையாக ஒரு வழி சொன்னார்.

"தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. மோட்டார் ரூம்ல எலையப் போட்டுக்குங்க. காத்தோட்டமா இருக்கும்."

பிரதீப் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். பருவக்காற்று ஏன் திசை மாறுகிறது என்று பதினாறு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு, அப்பாவிடம் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

உலகத்தையே அளக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகம் போனவன் அவன். போன முதல் வாரம் வகுப்பறைக்கு வழி தெரியாமல் நூலகத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். விடுதிச் சாம்பாரைப் பார்த்து அழுதான். துணி துவைக்கச் சொல்லிக்கொடுத்து, அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவனை அங்கே காலூன்ற வைத்தவன் முனியசாமி. இருவரும் ஒரே ஊர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிரதீப் சின்ன வயதிலிருந்தே வேனில் போடிக்குப் படிக்கப் போனவன். ஓடையைத் தாண்டினால் அறுநூறு அடியில் இருந்தவனோடு பழகுவதற்கு, பஸ்சில் பத்து மணி நேரம் போகவேண்டியிருந்தது.

முதல் பருவத்தில் அவரவர் ஊரை வரைந்துவரச் சொன்னார்கள். பிரதீப் கோயில், கம்மாய், ரேஷன் கடை எதையும் விடவில்லை. ஏலமலைச் சரிவுக்கு சம உயரக்கோடுகள்கூடப் போட்டான். ஓடைக்குக் கிழக்கே மிச்சமிருந்த காலி இடத்தில் வடக்குத் திசை காட்டும் அம்புக்குறியை வைத்தான். பேராசிரியர் பத்துக்கு ஒன்பது கொடுத்து, தாளில் இடத்தை வீணாக்கவில்லை என்று பாராட்டினார்.

முனியசாமி படத்தை வெகுநேரம் பார்த்தான். "மாப்ளே, அம்பு எங்க வீட்டுக் கூரையிலதேன் குத்தி நிக்கிது," என்று சிரித்தான்.

பிரதீப்பும் சிரித்தான். காலனியை வேண்டுமென்று விட்டதல்ல. அவனுக்கு ஊர் என்றால் அவ்வளவுதான் ஊர்.

இப்போது தெருமுனையில் முனியசாமி வந்துகொண்டிருந்தான். தேய்த்த சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பிரதீப் ஓடிப்போய் வழியிலேயே மறித்தான்.

"மாப்ளே... தோட்டத்துல வச்சு சாப்பிடுவமா? காத்தோட்டமா..."

முனியசாமி பழத்தைக் கைமாற்றிப் பிடித்தான்.

"எங்காத்தா கெளம்பும்போதே சொல்லுச்சு, தோட்டத்துலதேன் எலை விழும்னு. நாந்தேன் சண்ட போட்டுட்டு வந்தேன், பிரதீப்பு வீட்டுல அப்பிடி இல்லன்னு."

பிரதீப் வீட்டுக்குள் பாய்ந்து அப்பாவிடம் கத்தியிருப்பான் என்று நினைப்பவர்கள் அவனை அறியாதவர்கள். அவன் தரையைப் பார்த்தான். காதெல்லாம் சுட்டது.

"ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன?"

"கருவாட்டுக் கொழம்பு. எதுக்கு?"

"நட."

செருப்பில்லாமலே கூட நடந்தான். அடுப்படி ஜன்னலில் பொன்னுமணி நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை.

முனியசாமியின் அம்மா மாயக்காள் பதறிப்போய், இருந்ததில் நல்ல தட்டைத் தேடிக் கழுவினாள். பிரதீப் தரையில் சம்மணமிட்டான். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றியவள், தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.

"ஒங்க வீட்டுல கேட்டா, மழைக்கு ஒதுங்குனேன்னு சொல்லிருங்க சாமி."

வெளியே வெயில் கொளுத்தியது. மலை உச்சியில்கூடப் பொட்டு மேகமில்லை.

"கதவு தெறந்தே இருக்கட்டும் அத்தே," என்றான் பிரதீப். சோற்றைப் பிசைந்து முதல் வாயை வைத்தான்.