இரண்டாவது மாடியில் தங்கிவிடும் மூச்சு

எங்கள் அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. என் மூச்சு இரண்டாவது மாடிக்கு மேல் வருவதில்லை. படி திரும்பும் இடத்தில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிடும். நான் மட்டும் மேலே போய் வேலை பார்த்துவிட்டு, மாலையில் இறங்கும்போது கூட்டிக்கொண்டு போவேன். மற்றவர்களின் மூச்சுகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். டீ கொண்டுவருகிறவர் முதலில் அவற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்.

மூச்சில்லாமல் வேலை பார்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. டைப் அடிக்கலாம், தலையாட்டலாம். பேச மட்டும் முடியாது. பேச வேண்டியிருந்தால் எல்லாரும் இரண்டாவது மாடிக்கு இறங்கி வருவோம்.

எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் யமுனா மேடம் ஒருநாள் என்னை அப்படித்தான் இறக்கிக்கொண்டு வந்தார்.

"ஆடி முடியறதுக்குள்ள மேல உக்காந்தே போன்ல ஒரு கஸ்டமர்கிட்ட பேசிக் காட்டணும், இளவழகன். அப்பத்தான் வேலை நிரந்தரம். நீங்க தலையாட்டறது போன்ல கேக்காதுங்க."

தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா ஏற்கெனவே உறவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அதைப் பொய்யாக்க எனக்குத் தைரியமில்லை.

மாலையில் மூச்சின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு மாடி ஏறிப் பழக, நாளையிலிருந்து காலையில் ஓடலாமா என்று கேட்டேன்.

"ஆடியில யாராச்சும் புதுசா எதையாச்சும் ஆரம்பிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்டா," என்றது.

நியாயமாகத்தான் பட்டது. தை மாதம் கேட்டபோது பனி என்றது. சித்திரையில் வெயில் என்றது. அப்போதும் நியாயமாகவே பட்டது.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். ஆடியில் புதிதாகத் தொடங்கத்தான் கூடாது, விட்டதைத் தொடரலாம். எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில், ஓட்டப்பந்தயத்தின் பாதியில், விலா பிடித்துக்கொண்டது என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன் நான். என்னைப் பொறுத்தவரை அந்தப் பந்தயம் இன்னும் முடியவில்லை. மூச்சிடம் இதைச் சொன்னேன். காலையில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டது.

மறுநாள் காலை பள்ளி மைதானத்துக்குப் போனோம். என்னோடு படித்த லோகேஸ்வரியும் ஷம்சுதீனும் முடிவுக் கயிற்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றார்கள். லோகேஸ்வரியின் இடுப்பில் இப்போது ஒரு குழந்தை இருந்தது.

"வந்துட்டாரு மகராசன்," என்றாள். "மெதுவா வாடா ஆமை. எங்களுக்குக் கை வலிக்கவே இல்ல."

"மத்தவனுங்க ஓடி முடிச்சு துபாய்க்கே போயிட்டானுங்க," என்றான் ஷம்சுதீன்.

வேப்பமரத்தடியிலிருந்து கிளம்பி, தண்ணீர்த் தொட்டி வரை ஓடிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்பே மூச்சு உட்கார்ந்திருந்தது. அவர்கள் கயிற்றை விடவில்லை. அடுத்த நாள் தொட்டியிலிருந்து தொடர்ந்தேன். கொடிக்கம்பத்தைத் தாண்ட ஒரு வாரமானது. ஒரு காலையில் கயிறு நெஞ்சில் பட்டது.

"கடைசி!" என்று சத்தமாக அறிவித்தாள் லோகேஸ்வரி. இருவரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று மூச்சு பெஞ்சைத் தாண்டிவிட்டது. மூன்றாவது மாடியில் கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு மேலே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. மிக்ஸி சுற்றவில்லை என்று ஒரு அம்மாள் போனில் திட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி பண்ணிடலாங்க" என்றேன். குரல் வந்தது. யமுனா மேடம் தலையாட்டினார். இரண்டாவது மாடிக்கு இறங்கிய பிறகு, திங்கட்கிழமை மேலே வந்து வேலை நிரந்தர உத்தரவை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

திங்கட்கிழமை போனபோது கட்டடம் அங்கே இல்லை. காலி இடத்தில் வாட்ச்மேன் பிரான்சிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரேஸ்கோர்ஸ் ரோட்டுல நடக்கப் போயிருக்குதுங்க. எல்லாம் உங்களப் பாத்துத்தான். ஆடியில எதுக்குன்னேன், கேக்கல."

"என் உத்தரவு?"

"நாலாவது மாடியிலதானுங்க இருக்குது."

நானும் மூச்சும் ஓடினோம். ரேஸ்கோர்ஸ் வளைவில் கட்டடம் தூரத்தில் தெரிந்தது. முதல் நாளுக்கு நல்ல வேகம்தான். முதல் மாடி மட்டும் பின்தங்கி, இளநீர் வண்டியோரம் நின்றிருந்தது.

"நீங்க முன்னால போங்க, வந்தர்றேன்," என்றது மாடி.

போனோம்.