கிறிஸ்துராஜாவின் மூன்று வெற்றிகள்

கிறிஸ்துராஜாவை வைத்திருப்பதா, நீக்குவதா என்பதுதான் கூட்டத்தின் ஒரே விடயம். ஏப்ரல் மாதத்து ஞாயிறு காலை. லண்டனின் மிச்சம் பகுதியில் செல்வரத்தினத்தின் கார்ப்பெட் கடை மேல்மாடி. சுருட்டி வைத்த கார்ப்பெட்டுகளின்மேல் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

செல்வரத்தினம் பழைய மாணவர் சங்கத் தலைவர். கவுன்சிலில் வேலை செய்யும் கனகாம்பிகை செயலாளர். கிறிஸ்துராஜா ட்ராம் ஓட்டுபவர். கோடையில் சங்கத்தின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுவிப்பாளர். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் லண்டன் சங்கங்கள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும்.

"ஆறு வருசம், இருபத்தாறு மட்ச், மூண்டு வெற்றி," என்று கனகாம்பிகை வாசித்தார்.

"அதிலை ஒண்டு மற்றவை வராமல் விட்டது," என்றார் செல்வரத்தினம்.

"நாங்கள் போய் நிண்டனாங்கள் அண்ணை. நல்ல மழை."

"நான் கோச்சா இருந்த ஏழு வருசத்திலை அஞ்சு கப்."

உண்மைதான். ஐந்தும் கீழே கடைக் கண்ணாடியில் இருந்தன. வாடிக்கையாளர்கள் விலை கேட்பார்கள்.

கிறிஸ்துராஜா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உங்கட முதல் மூண்டு கப்புக்கும் புலமைப்பரிசில் ஆக்கள் எத்தினை பேர்?"

செல்வரத்தினம் கூரையைப் பார்த்தார்.

ஓடக்கூடிய பழைய மாணவர்கள் குறைவு. ஆகவே வெளிப் பையன்களைப் பிடித்து வருவார்கள். சப்பாத்து, ட்ராம் காசு, ஆட்டம் முடிந்ததும் ஒரு கொத்து ரொட்டி. இதற்குச் சங்கத்தில் புலமைப்பரிசில் என்று பெயர். முன்பு எல்லை இருக்கவில்லை. ஓர் இறுதியாட்டத்தில் ஒன்பது பேர் அப்படி ஆடினார்கள். கப்போடு படம் எடுக்கும்போது அணித்தலைவன் கல்லூரியின் பெயரைக் கேட்டான். மற்றச் சங்கங்கள் முறையிட்டன. பிறகு அணிக்கு இரண்டு பேர்தான் என்று முடிவாயிற்று.

"உங்களுக்கு ஒன்பது, எனக்கு ரெண்டு," என்றார் கிறிஸ்துராஜா. "எங்கட கோல் காக்கிற கோலிக்கு ஐம்பத்தெட்டு வயசு. குனிஞ்சால் ஆரும் போய் நிமித்தோணும்."

"என்ரை கடைசி ரெண்டு கப்பும் கட்டுப்பாடு வந்தாப்பிறகு வந்தது. அதுக்கு என்ன சொல்லுறாய்?"

"அதுக்கு உங்கட நாலு மருமக்கள் அண்ணை," என்றார் கனகாம்பிகை.

பழைய மாணவரின் பிள்ளையைத் திருமணம் செய்தவரும் பழைய மாணவரே என்பது ஒன்பதாம் விதி. இதற்கு எல்லை இல்லை. இப்போது சில வீடுகளில் சாதகத்தோடு எந்தக் காலால் அடிப்பவர் என்றும் விசாரிக்கிறார்கள்.

"நாலும் காதல் கலியாணம்!" என்றார் செல்வரத்தினம்.

"நாலு பேரும் ஃபோர்வர்ட்," என்றார் கிறிஸ்துராஜா.

"மூண்டு பேர். ஒருத்தர் கோலி."

"எனக்கு ரெண்டும் பொடியன்கள் அண்ணை. நான் எங்கை போக?"

செல்வரத்தினம் கொஞ்சம் இளகினார். "உன்னிலை பிழை இல்லை. ஆனா இந்தக் கோடைக்கும் வெளியாள் ரெண்டு பேர்தான். புதுசா ஒரு ஆளைக் காட்டு, வைச்சிருக்கிறம். இல்லாட்டி கோச் வேலையை எங்கட சங்கத்து றஜீவிட்டைக் குடுப்பம்."

"றஜீவ் பந்தைக் கையாலையும் தொட்டதில்லை."

"அவனுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

கிறிஸ்துராஜா தாளை மடித்தார். பிறகு விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஹரிசன்," என்றார்.

"அது ஆர்?"

"என்ரை மூத்தவன் நிசாந்தனோடை இருக்கிறவர்."

"கூட்டாளியோ?"

"கலியாணம் செய்யப்போகினம். ரெண்டு பேரும்."

கீழே கடைக் கதவு மணி அடித்தது. வாடிக்கையாளர். செல்வரத்தினம் எழும்பவில்லை.

கனகாம்பிகை விதிப்புத்தகத்தைத் திறந்தார். விரலை வைத்து இரண்டு முறை வாசித்தார்.

"பிள்ளை எண்டுதான் கிடக்கு. மகள் எண்டு இல்லை."

"ஆர் எழுதினது?"

"நீங்கள்தான் அண்ணை."

செல்வரத்தினம் முழங்காலைத் தடவினார். மணி மறுபடி அடித்தது.

"விளையாடுவாரோ?"

"போன வருசம் எங்களுக்கு எதிரா மூண்டு கோல் போட்டவர். மற்றச் சங்கமொண்டின்ரை புலமைப்பரிசில்."

"அந்த ஏழாம் நம்பரோ?" செல்வரத்தினம் எழும்பிவிட்டார். "அவனை வளைக்க நான் எவ்வளவு பாடுபட்டனான்! உன்ரை வீட்டிலையே வைச்சுக்கொண்டோ இருந்தனி? கலியாணம் எப்ப?"

"நான்தான் பொறுக்கச் சொன்னனான். ரெண்டு வருசமா."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கனகாம்பிகை நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஆட்டக்காரர் பெயர்ப்பட்டியல் மே முப்பத்தொண்டோடை பூட்டுப்படும். கலியாண அறிவித்தல் குடுத்து இருபத்தெட்டு நாள் பொறுக்கோணும். இந்தக் கிழமையே குடுத்தால் காணும்."

பயிற்றுவிப்பாளர் தொடர்வார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'நிபந்தனையுடன்' என்று சேர்த்தார்.

கிறிஸ்துராஜா மகனுக்கு அழைப்பெடுத்தார்.

"தம்பி, உங்கட கலியாணம். மே மாதத்துக்குள்ளை வைக்க ஏலுமோ?"



"அப்பா, ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு நீங்கள்தானே..."

கிறிஸ்துராஜா நிமிர்ந்து பார்த்தார். தலைவர் கையால் 'கெதியாய், கெதியாய்' என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆக்கள் பக்கத்திலைதான் நிக்கினம்," என்றார். "அவைக்கு அவசரமாம்."