பதினொரு மில்லிமீட்டர்

பள்ளிச் சீருடை தைக்கிற அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது அடுக்குத் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியால் பிசிறில்லாமல் வெட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பட்டறைக் கழிப்பறையில் உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்ததும், கத்தி எங்கேயோ கீறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தொடையைத் தடவிப் பார்த்தாள். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை.

பயம் உடனே வரவில்லை. ஒன்றும் புரியாமல்தான் நின்றாள். பட்டன் தைக்கிற பெண்ணிடம் போய் மெதுவாக பேட் கேட்டாள்.

“யாருக்கு மாஸ்டரம்மா?”

“எனக்குத்தான்.”

அந்தப் பெண் நல்ல வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

நாற்பத்தைந்தாவது வயதில் அவளுக்குக் கருப்பையில் ஒரு நார்க்கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கெட்ட கட்டி இல்லை, மாதவிலக்கு நின்றால் தானே சுருங்கிவிடும் என்று அப்போதிருந்த டாக்டர் சொன்னார். அவளும் அதோடு அதை மறந்துவிட்டாள். சுருங்க வேண்டியது இப்போது எதற்கு ரத்தம் சிந்துகிறது?

சாயங்காலம் அக்கா வந்தாள். அக்கா அவளைவிட நாலு வயது மூத்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரிக் கட்டி என்று கருப்பையையே எடுத்துக்கொண்டவள். தங்கை வீட்டில் ஜன்னல் திரை என்ன நிறம் என்பதிலிருந்து எல்லாவற்றிலும் அவள் வைத்ததுதான் சட்டம்.

“எடுத்துப் போட்டுடுடி. பிள்ளை பெத்தாச்சு, வளத்தாச்சு. இனி அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? என்னப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்.”

வீட்டுக்காரர் வேறு கட்சி. “ஆபரேஷன்னா சும்மாவா? கட்டின்னு இருந்தா கொஞ்சம் கசியத்தான் செய்யும். நாலு நாள் பொறுத்துப் பாப்போம்.”

இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டே போனார்கள். ஏன் வந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. பார்த்தாயா என்றார் வீட்டுக்காரர். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தது. பார்த்தாயா என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஸ்கேன் தாளை மேசையில் விரித்தார். “கட்டி நாலரை சென்டிமீட்டர் இருக்கு. பழைய ரிப்போர்ட்ல நாலுதான். அது பரவாயில்ல. எனக்குக் கவலை லைனிங்தான்.”

“லைனிங்கா?” கோட்டுக்கு லைனிங் வைப்பதுதான் அவளுக்குத் தெரியும்.

“கருப்பைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிசான சவ்வு இருக்கும்மா. உங்க வயசுல, ரத்தமும் பட்டா, அது நாலு மில்லிமீட்டரைத் தாண்டினாலே நாங்க பாக்கணும். உங்களுக்குப் பதினொண்ணு. கட்டியினாலதான் ரத்தம்னு நாமளா முடிவு பண்ணிடக் கூடாது. நின்ன பிறகு வந்தா அது புற்றுநோயா இல்லையான்னு மொதல்ல பாத்துடணும். கொஞ்சம் சதை எடுத்து அனுப்பலாம்.”

மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுச் சதை எடுத்தபோது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. வலி ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாள்தான் போகவே இல்லை. சென்டிமீட்டரில் இருப்பது பரவாயில்லையாம், மில்லிமீட்டரில் இருப்பது ஆபத்தாம். முப்பது வருடம் அளவு நாடாவோடு வாழ்ந்தவளுக்கு இது எந்த ஊர் அளவு என்றே விளங்கவில்லை. ஆறாம் நாள், நாற்பது சட்டைக்குக் கை வெட்டினாள். தைக்க எடுத்த பெண் வந்து நின்றாள்.

“மாஸ்டரம்மா, இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டும் இடது கையா?”

மாஸ்டரம்மா துணியைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை.

“இருங்க. ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். அது எங்கிருந்தோ உங்களுக்குப் போயிட்டிருக்கு. சவ்வு தடிச்சிருக்கு, கட்டியும் வளந்திருக்கு. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

“பிரஷர் மாத்திரை மட்டும்தாங்க. அன்னிக்கே சொன்னேனே.”

“அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை?” என்றார் வீட்டுக்காரர்.

“அது மாத்திரை இல்லைங்க, அது அக்கா குடுத்தது.”

டாக்டரம்மா கையை நீட்டினார். கைப்பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறாள். திடீர் திடீரென்று உடம்பு திகுதிகுவென்று எரிந்து வேர்த்துக் கொட்டியபோது, எனக்கும் இதே தொல்லைதான், டாக்டர் எழுதிக் கொடுத்தது என்று அக்காதான் கொடுத்தாள். மாதம் தவறாமல் தனக்கு வாங்கும்போது தங்கைக்கும் சேர்த்து வாங்கினாள்.

“இதுதான் அந்த ஈஸ்ட்ரோஜன். கருப்பை எடுத்தவங்களுக்கு நல்ல மருந்து,” என்றார் டாக்டரம்மா. “கருப்பை இருக்கறவங்க இத மட்டும் தனியாச் சாப்பிடவே கூடாது. சவ்வைக் கட்டுப்படுத்த இன்னொரு ஹார்மோனும் கூடவே வேணும். இன்னியோட இத நிறுத்துங்க. அந்த இன்னொண்ண ஆறு மாசத்துக்கு எழுதறேன்.”

“அப்ப ஆபரேஷன்?”

“இப்ப வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி சதை எடுத்துப் பாக்கலாம். அதுல சரியில்லன்னாதான் அந்தப் பேச்சு. கட்டிக்குத் தீனி நின்னா அதுவும் அடங்கும். நடுவுல ரத்தம் ஜாஸ்தியாப் போனா உடனே ஓடி வரணும்.”

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யார் மேல் கோபப்படுவது? வாங்கிக் கொடுத்தவள் மேலா, என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கியவள் மேலா? “ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினியாடி?” என்று அக்கா போன் செய்துகொண்டே இருந்தாள். “பாக்கலாம்கா” என்று இரண்டு நாள் ஒப்பேற்றினாள். மூன்றாம் நாள், சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதைத் தங்கை சொல்லச் சொல்ல முழுவதும் கேட்டாள்.

“அதே மாத்திரையத்தானே நானும் சாப்பிடறேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“உனக்குப் பை இல்லக்கா. எனக்கு இருக்கு.”

அக்கா மருந்துக் கடைக்காரனைத் திட்டினாள். தன் பழைய டாக்டரைத் திட்டினாள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும், மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புன்னுதானேடி நெனச்சேன்.”

மனப்பாடம் செய்த ஒரு வசவும் தங்கையின் வாய்க்கு வரவில்லை. திட்ட வந்தவள், “அழாதக்கா, கேன்சர் இல்லன்னுட்டாங்க” என்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தான் மன்னித்துவிட்டாளா, இல்லையா? அவளுக்கே தெரியவில்லை.

உடம்பு எரிச்சல் திரும்ப வந்தது. தலைமாட்டில் மின்விசிறியை வைத்துக்கொண்டு சமாளித்தாள். ரத்தம் முதல் மாதம் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு நின்றது. ஆறு மாதம் கழித்துச் சதை எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாகியிருந்தது. சவ்வு நாலு மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. கட்டியும் கொஞ்சம் வற்றியிருந்தது. இன்னும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கலாம், அதுவரை கத்தி வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு அக்காவும் கூட வந்திருந்தாள். கேட்பதற்கு ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்தவள், உள்ளே ஒன்றுகூடக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் பேசினாள்.

“ஏண்டி, எனக்கும் கட்டிதானே சொன்னாங்க. அப்ப எனக்கு நிஜமாவே எடுத்திருக்கணுமா?”

“டாக்டரம்மாகிட்டயே கேட்டிருக்கலாமேக்கா.”

“தாள்ல மொத கேள்வி அதான். வாய் வரல.”

தங்கை அக்காவின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். “இன்னும் கதவு சாத்தியிருக்க மாட்டாங்க. வா, போய்க் கேப்போம்” என்றாள். அக்கா பஸ் வருகிற பக்கம் ஒரு தடவை, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தங்கை பின்னாலேயே நடந்தாள்.