ஆணியில் மாட்டிய காப்புக் கயிறு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பையின் ஜிப் பிய்ந்ததால் பிறந்த கதை இது. தைக்கக் கொடுக்க மும்பை தாராவியில் ஒரு பட்டறைக்குப் போனேன். மிஷினுக்கு மேலே, ஆணியில், ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது.

வாராவாரம் பத்திரிகைக்குக் கொலைக்கதை எழுதுகிற கை சும்மா இருக்குமா?

'கயிற்றில் ரத்தம் உறைந்தி...' (வேண்டாம். ரத்தமே இல்லை.)

'பட்டறைக்காரர் சுடலைக்கண்ணனை யாரோ பின்தொட...' (யாரும் தொடரவில்லை. ஒயின் ஷாப்புக்கு அவராகவேதான் போனார்.)

2.

சுடலைக்கண்ணன் தோல்பை தைப்பவர். குடியை விடுவதாகச் சத்தியம் செய்து, போன கொடையில்* பூசாரி கையால் கட்டிக்கொண்ட கயிறு அது. நேற்று மத்தியானம் மணிக்கட்டில் சோப்பு தேய்த்து அதை உருவி, ஆணியில் மாட்டிவிட்டுக் குடிக்கப் போயிருக்கிறார். சாமி பார்க்கக் கூடாதாம்!

(*வருடாந்தரக் கோயில் விழா. திருநெல்வேலிக்காரர்கள் தாராவிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.)

வாசகர் காரணம் கேட்பாரே? துரோகம், பழைய காதல், எதையாவது கொடுங்கள் ஐயா!

"காரணம் ஒண்ணுமில்ல சார். ஆர்டர் முடிஞ்சுது. வெயிலு. கடை தொறந்து கிடந்துது. வேணும்னா நீங்க ஒண்ணு போட்டுக்கிடுங்க. ஆனா என்னைச் சாவடிச்சுராதீங்க. கதைல குடிகாரன்னாலே சாவடிச்சிருவீங்க."

3.

இங்கே அவர் மனைவி சண்முகவடிவு நுழைகிறார். (நேற்றே கண்டுபிடித்துவிட்டார். வாயை முகரவில்லை, வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.) அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அதை அடித்துவிட்டேன். அவர் அழவே இல்லை. ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார்.

"எந்திரிங்க. கோயிலுக்கு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"நேத்துக் குடிச்ச மூஞ்சிதான். வேற மூஞ்சி இருக்கோ?"

ஜிப்பாவது மண்ணாவது! நானும் பின்னால் ஓடினேன்.

4.

பூசாரி தலையை ஆட்டினார். "கழட்டுன கயித்தத் திரும்பக் கட்டப்படாதுடே. அடுத்த கொடை வரைக்கும் பொறு."

"அதுவரைக்கும் ஒயின் ஷாப்பு பந்த்தா கிடக்கும்?" என்றார் சண்முகவடிவு. "விழுந்தது நேத்து. எந்திரிக்க மட்டும் நாள் பாக்கணுமோ?"

"வழக்கம்மா."

"வழக்கம் கிடக்கட்டும் சாமி," என்றார் சுடலைக்கண்ணன். "உருவுனது நான்தான? கட்டுறதும் நானே கட்டிக்கிடுதேன்."

முடிச்சை மட்டும் போடச் சொல்லி மனைவியிடம் மணிக்கட்டை நீட்டினார். சண்முகவடிவு கயிற்றை அவர் கையில் கொடுத்தார்; கட்டவில்லை.

"போன தடவ எனக்காகக் கட்டுனீங்க. அதான் சோப்புல வழுக்கிட்டு. இந்தத் தடவ உங்களுக்குக் கட்டுங்க."

5.

முடிவுகள்.

அ) குடல் வெந்து சாகி... (சாவடிக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

ஆ) அதன்பின் அவர் தொடவே இல்லை. (எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது. மறுபடி உருவினால் மறுபடி கட்டுவார். எது முதலில் தீருகிறது பார்க்கலாம், சோப்பா, அவரா!)

இ) எழுத வரவில்லை. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாமியையே முறைத்தபடி நிற்கிறார். மறுமுனை தொங்குகிறது. பூசாரி கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். என் கையில் பேனா.

பத்திரிகையைக் கீழே வையுங்கள். பிடியுங்கள், அந்த முனையை.