பத்துக் கோத்திரமும் சுடலையாண்டியும்

அறுபத்தைந்தாம் வருஷச் சீசனில் குற்றாலத்துக்கு ஒரு துரை வந்து இறங்கினார். சாரலுக்கும் குளியலுக்கும் வந்தவர் இல்லை, ஆள் தேடி வந்தவர். அதுவும் ஒருத்தரையோ இரண்டு பேரையோ அல்ல, பத்துக் கோத்திரத்தை! இஸ்ரவேல் ஜனங்களில் பத்துக் கோத்திரத்தாரை அந்தக் காலத்து அசீரிய ராஜா சிறைபிடித்துக்கொண்டு போனானாம். போனவர்கள் திரும்பவே இல்லையாம். அவர்களுடைய வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள் என்று பர்மாவையும் கொச்சியையும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, துரை செங்கோட்டை ரயிலில் இங்கே வந்திருந்தார். நாம் தேடினால் வேலையற்ற வேலை என்பார்கள். கோட்டுப் போட்டவர் தேடினால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

துரைக்கு வாயாக இருந்தவர் தென்காசிப் பால்வண்ணநாதன் சார்வாள், ரிட்டயர்ட் சரித்திர வாத்தியார். துரை தங்கியிருந்த பங்களாவில் சமையலுக்கு ஆய்க்குடி வள்ளித்தாய். வீட்டில் கிடந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று அவளுடைய மாமியார்தான் இந்த வேலைக்கு அனுப்பிவைத்திருந்தாள்.

வள்ளித்தாயின் கதை ஒரு தந்தியில் அடங்கும். புருஷன் சுடலையாண்டி பட்டாளத்துக்காரன். சீனாச் சண்டையில் பனிமலைப் பக்கம் போனான். காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தான் என்றும் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. பிடிபட்டவர்களெல்லாம் அடுத்த கோடையில் ஊர் வந்து சேர்ந்தார்கள், இவன் மட்டும் வரவில்லை. இதற்கு அழலாமா கூடாதா என்று ஊரில் யாருக்கும் தெரியாததால் வள்ளித்தாய் அழவே இல்லை. நாளாக ஆக, அழ வேண்டும் என்று தோன்றுவதே நின்றுபோயிற்று. ரொம்ப நேரம் ஒரே வாக்கில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அவள் மனசு அப்படிக் கிடந்தது. அரிசி களைந்தாள், உலை வைத்தாள், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். எதிலும் ருசி இல்லை, கசப்பும் இல்லை.

இப்போது கொழுந்தன் உச்சிமாகாளிக்குச் சிவகிரியில் பெண் முடிவாகியிருந்தது. ஒரு காரியம் முடியாமல் கிடக்கிற வீட்டில் எப்படிப் பந்தக்கால் நடுவது என்று பெண்வீட்டார் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆடி அமாவாசை அன்றைக்குச் சிற்றாற்றங்கரையில் வைக்கோலில் ஆள் செய்து எரித்துவிட்டால் சடங்கு கழிந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். எரித்தால் வள்ளித்தாய் தாலியைக் கழற்ற வேண்டும். "மைனி சரின்னு சொன்னாத்தான் எதுவும். இல்லேன்னா எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்று உச்சிமாகாளி ஒரே பிடியாக நின்றான். அவன் நல்ல பையனாக இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டம். கெட்டவன் என்றால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். அமாவாசைக்கு நாலு நாள் இருந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

துரையிடம் நாற்பது கேள்விகள் எழுதிய ஒரு தாள் இருந்தது. அன்று காலையில் வண்டிப்பேட்டையில் ஒரு வண்டிக்காரரை நிறுத்தி, சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "எண்ணெ தேய்ச்சுக் குளிப்போம். அன்னிக்கு ஒரு சோலியும் பாக்க மாட்டோம்" என்றார் வண்டிக்காரர். துரைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சனிக்கிழமை வேலை செய்யாத ஜனம்! ஓய்வுநாளை மறக்காத ஜனம்! நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினார். எண்ணெய்க் குளியலுக்கு வேதம் ஒன்றும் காரணமில்லை, உடம்புச் சூடுதான் காரணம் என்று சார்வாளுக்குத் தெரியும். வயசான துரையுடைய சந்தோஷத்தில் மண்ணைப் போடுவானேன் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டின்போது சார்வாள், "வள்ளித்தாயி, துரைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடு. காணாமப் போன ஆளுகளுக்கு அடையாளம் கிடைச்சிருச்சுன்னு சொல்லுதாரு" என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. இத்தனை நாளும் கோத்திரம், கோத்திரம் என்ற பேச்சு மட்டுமே அவள் காதில் விழுந்திருந்தது. பாவம், மகனுக்குப் பெண் தேடி அலைகிறார் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"காணாமப் போனவுகளா? எப்பம் போனாக சார்வாள்?"

"ரெண்டாயிரத்து எழுநூறு வருஷமாச்சு."

"இன்னுமா தேடுதாக?"

"தேடுதாகளே. நீதான் பாக்குதியே."

"சடங்கு கழிக்கலியா?"

சார்வாளுக்கு அவள் வீட்டு விஷயம் தெரியும். கொஞ்சம் தயங்கிவிட்டுத் துரையிடம் அதைக் கேட்டார். துரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்தே வெகுநேரம் சொன்னார்.

"சாகலியாம் வள்ளித்தாயி" என்றார் சார்வாள். "போன இடத்துலயே குடியிருந்து, அங்கன உள்ள பொண்ணைக் கெட்டி, அந்த ஊர்ச் சாமியைக் கும்பிட்டு, பேரையும் மாத்திக்கிட்டாகளாம். இப்பம் நேர்ல போய் நின்னாலும் அவுகளுக்கு நம்மளைத் தெரியாதாம். தொலைஞ்சு போனோம்ங்கிறதே அவுகளுக்கு மறந்து போச்சாம். ஆனா எங்கேயோ சுகமா இருக்காகன்னு சொல்லுதாரு."

துரை சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு அது நல்ல சேதி. வள்ளித்தாய் பாயசத்தை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் ஆய்க்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது சுடலையாண்டி தெரிந்தான். பனிமலை அடிவாரத்தில் ஒரு குடிசை. கம்பளி போர்த்திக்கொண்டு சூடாக எதையோ தின்கிறான். பக்கத்தில் ஒருத்தி இருந்து பரிமாறுகிறாள். அவனை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவனும் அந்தப் பேருக்கு ஏன் என்று குரல் கொடுக்கிறான். வள்ளித்தாய்க்கு வயிறு எரிந்தது. சட்டென்று மரத்த கால் விறுவிறுக்கிற மாதிரி உடம்பெல்லாம் வலி ஏறியது. யார் அவள், என் புருஷனுக்குச் சோறு போட! மூன்று வருஷத்தில் அவளுக்கு முதல்முதலாக வந்த கோபம் அது. செத்தவன்மேல் யாருக்கும் இப்படிப் பொறாமை வராது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியென்றால் இருக்கிறான். இருக்கிறவனுக்குத் தன்னைத் தெரியாது. தெரியாதவனுக்காக ஒரு தாலியைக் காவல் காத்து, ஒரு பையனுடைய வாழ்வை மறித்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

வீட்டு வாசலில் உச்சிமாகாளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அமாவாசைக்கு ஏற்பாடு பண்ணிரு" என்றாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "மைனி, எனக்காகச் சொல்லாதீய."

"யாருக்காகவும் இல்லலே. பண்ணு."

அமாவாசை அன்றைக்குச் சிற்றாற்றில் தண்ணீர் நிறையப் போயிற்று. வைக்கோல் ஆளுக்குச் சுடலையாண்டியின் வேட்டியைக் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று தாலியைக் கழற்றினார்கள். உச்சிமாகாளி கொள்ளி வைத்தான். பற்றியதும் வள்ளித்தாய் அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை, ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. இப்பத்தான் புருஷன் செத்தது அவ மனசுல ஏறியிருக்கு, இனிப் பிழைச்சுக்கிடுவா என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மாமியார் மட்டும் வந்து அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"அத்தே, அவுக சாகல" என்றாள் வள்ளித்தாய். "எங்கனயோ இருக்காக. நம்மளைத்தான் அவுகளுக்குத் தெரியல."

மாமியார் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"மெள்ளச் சொல்லு தாயி, சின்னவன் காதுல விழுந்துரும்" என்றாள். "பெத்தவளுக்குத் தெரியாதா?"